தரையை ஒட்டிய வண்டி

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தையும் நானும் நலம். நீங்கள் நலமா என்று ஆற அமரக் கேட்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சின்னவன் வந்திருந்தான். அவனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்தன்று உங்கள் வீட்டு ஆட்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தவன். என்னிடம் வேலை பழகியவன். ஆபீசில் என்னைப் பெரியவர் என்றும் அவனைச் சின்னவர் என்றும்தான் கூப்பிடுவார்கள். இப்போது உங்கள் ஊர் வாகன ஆய்வு அலுவலகத்துக்கு அவன்தான் பொறுப்பு. போன வாரம் கடைவீதியில் ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிரிங்கை இறக்கி, வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்தி, கம்பெனிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு அகலச் சக்கரங்கள் மாட்டியிருக்கிறது. நான்கும் மட்கார்டுக்கு வெளியே நண்டுக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததாம். கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டது உங்கள் மனைவி.

என் மகள் என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். மேற்படி வாகனம் சரிசெய்யப்பட்டு, ஆய்வில் தேறும்வரை ஊருக்கு வெளியே ஓடக்கூடாது என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பூட்டியிருப்பான்.

மாப்பிள்ளை, உங்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதே பயம் என்று நினைத்திருந்தேன். பல் பிடுங்குகிற மனிதருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட வண்டிகளைத் தள்ளுபடி செய்வதையே தொழிலாக வைத்திருந்தவன் வீட்டில் பெண் எடுத்துவிட்டு, அதே வண்டியில் அவளை உட்கார வைத்திருக்கிறீர்களே.

போன் செய்திருக்கலாம். எடுத்தால் அவள் எடுப்பாள் என்பதால் செய்யவில்லை. சின்னவனுக்குக் கீழே பார்த்த ஆய்வாளர் வேலையை அவள் தூக்கி எறிந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வண்டியை விற்றுவிட்டுப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
மாமா


ஜனவரி 15

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே படித்தேன். இரண்டாவது ஆள் வாயைத் திறந்தபடியே வெகுநேரம் காத்திருந்தார்.

உங்களுக்கு இன்னொரு அதிர்ச்சி தர வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்த வண்டி என்னுடையது இல்லை. உங்கள் மகளுடையது. வாங்கியது அவள். தாழ்த்தியது அவள். சக்கரம் மாட்டியதும் அவளேதான். நான் இதுவரை அதில் ஏறியதுகூட இல்லை. ஏறுவதென்றால் தரையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்து, காலை மடக்கி உள்ளே இழுக்க வேண்டும். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

அரசாங்க வேலையை விட்டபின் அவள் வீட்டில் சும்மா இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அத்தை சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அவள் ஒரு சக்கரக் கடையில் வேலை பார்க்கிறாள். டயர், ரிம், அலைன்மென்ட் எல்லாம் செய்யும் பெரிய கடை. எப்போதும் மேல்பையில் நட்டுகள் குலுங்குவதால் அங்கே அவளுக்கு நட்டக்கா என்று பெயர். நானும் வீட்டில் நட்டு என்றுதான் கூப்பிடுகிறேன். முதலில் முறைத்தாள், இப்போது திரும்பிப் பார்க்கிறாள்.

கடைக்கு வந்து கேட்பாரற்று நின்ற வண்டி அது. கத்திரிப்பூ நிறம். எங்கள் வீட்டு ஷெட்டில் வைத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டினாள். சின்னவர் சொன்னது உண்மைதான், சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தன. அன்று அவர் நிறுத்தி அனுப்பியதும் வீட்டுக்கு வந்து நான்கையும் கழற்றினாள். எனக்கு அவள் விளக்கியது இதுதான்: ரிம்மின் நடுத்தகடு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அதை வைத்துத்தான் சக்கரம் உள்ளே போவதும் வெளியே வருவதும். வெளியே வந்தால் மட்கார்டு வெட்டும், உள்ளே போனால் ஷாக் அப்சார்பர் இடிக்கும். நடுவில் விரல் நுழையும் இடம்தான் நமக்கு. இப்போது இன்னும் உள்ளே உட்காரும் ரிம்களைப் போட்டுவிட்டாள். கடையில் வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கேயும் தட்டவில்லையாம். ஊருக்குள்ளேயே ஓட்டிக் கடைக்குப் போய்வருகிறாள்.

இந்த மாதக் கடைசியில் எனக்கு மலைப்பக்கம் பல் முகாம். கொஞ்ச நாள் அங்கேயே தங்க வேண்டும். அதற்குள் ஆய்வு முடிந்துவிடும், நெடுஞ்சாலையில் அவளே என்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாள். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

கோபம் வேண்டாம் மாமா. அவள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்களுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜனவரி 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை அத்தையிடம் கொடுத்தேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் நான் மட்டும் வாடகைக்குக் குடியிருக்கிறேன் போலும். அது தனிக் கதை.

என் மகள் சக்கரக் கடையில் வேலை பார்ப்பதை ஜீரணிக்க எனக்கு நாளாகும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. லிஃப்டில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தாளா? லிஃப்டில் ஏற்றினால் சக்கரம் தொங்கும். தொங்குகிற சக்கரம் எதில் தட்டும்? வண்டி ஓடுவது ரோட்டில். ரோட்டில் குழி இருக்கிறது, மேடு இருக்கிறது, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார். அப்போது சக்கரம் மேலே ஏறும். தாழ்த்திய வண்டியில் அது எங்கே போய் முட்டுகிறது என்று சமதரையில் நிற்கும்போதும் தெரியாது, தொங்கும்போதும் தெரியாது.

இதை அவளுக்காக எழுதவில்லை. அந்த வண்டியில் உட்காரப்போவது நீங்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு முன்சக்கரத்தைக் கனமான மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். உள்ளே இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடியுங்கள். டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். அடுத்த சக்கரத்துக்கும் இதே போல. வெளிப்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் எனக்குக் கவலையில்லை. உள்பக்கம். நான் விபத்து இடங்களுக்குப் போய் முதலில் பார்த்ததெல்லாம் டயரின் உள்பக்கத்தைத்தான்.

பார்க்காமல் ஒரு அடி நகரக்கூடாது.

மாமா


ஜனவரி 27

மாமா,

இதை அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மேஜை மேல் வைத்திருந்தேன், அவளாக எடுத்துப் படித்தாள். "லிஃப்டில் ஏற்றினால் தொங்கும்" என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். எனக்குத் தெரியாதா என்று முணுமுணுத்தாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் மரக்கட்டையைக் கொண்டுவந்து போட்டது அவள்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தோம். இரண்டு பேரும் நல்ல கனம். கல்யாண ஊர்வலம் போகிறமாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டியரிங்கை ஒடித்தோம். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தலை நுழையாது. அப்போதுதான் கிளினிக்கிலிருந்து என் வாய்க் கண்ணாடியை எடுத்துவந்தேன், கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் பார்க்கும் நீளக் காம்புக் கண்ணாடி. டார்ச் அடித்து டயருக்குப் பின்னால் விட்டேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் விட்டதும், நான் பார்ப்பது என்னவென்றே முதலில் புரியவில்லை. டயரின் உள்சுவரில், சுற்றுவட்டம் முழுக்க, கத்தியால் கீறின மாதிரி பளபளவென்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ. சொத்தைப் பல்லில் நரம்பு தெரிகிற இடம் மாதிரி இருந்தது.

"நட்டு, உள்ளே நூல் தெரியுது" என்றேன்.

அவள் கண்ணாடியை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் தட்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் டயரைச் சீவியிருக்கிறது. ரப்பர் முழுக்கப் போய், உள்ளே இருக்கும் நூலில் பாதியும் போய்விட்டது. சமதரையில் அதே இடத்தில் விரல் நுழைகிறது. தையல்காரர் இறங்கினதும் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி வண்டி எழுந்து நின்றுகொண்டது.

மாமா, ஊருக்குள் ஓட்டியதிலேயே இப்படி. நெடுஞ்சாலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "வேற யார் வண்டியா இருந்தாலும் நான் இப்படிப் பார்த்திருப்பேன், என் வண்டிங்கிறதால பார்க்கல."

நாளை மறுநாள் நான் பஸ்ஸில் முகாமுக்குப் போகிறேன். அங்கே போன் எடுக்காது. வண்டி ஷெட்டில் கட்டைகள் மேல் நிற்கிறது. அவள் தனியாக இருப்பாள் என்பதுதான் கவலை. அதிர்ச்சி இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. முகாம் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், வந்துவிட்டேன். அத்தையிடம் கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் பையில் என் பழைய வேலைச்சட்டையை மடித்து வைத்திருந்தாள். கண் பரிசோதனைக்கு அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் பேய் அறைந்த மாதிரி நின்றாள். நானும் உங்களை விசாரிக்க வந்த மாதிரி, "மாப்பிள்ளை இல்லையா" என்று கேட்டேன். ஊரில் இல்லாதவரை. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான். அந்த நாள் முழுக்க வேறு பேச்சில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் சத்தம் கேட்டுப் போய் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நீங்கள் எழுதிய அந்த டயரைப் பார்த்தேன். மாப்பிள்ளை, பணிக்காலம் முழுக்க இப்படிப்பட்ட டயர்களைப் பார்த்தவன் நான். ஆனால் அவையெல்லாம் விபத்து நடந்தபின் பார்த்தவை. விபத்துக்கு முன்பே, அதுவும் என் மகள் ஓட்டும் வண்டியில், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் ஒரு உயரம் எழுதினாள், மட்கார்டு தரையிலிருந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று. நான் அதை அடித்துவிட்டு அதைவிட அதிகம் எழுதினேன். அவள் என்னுடையதை அடித்துவிட்டு நடுவில் ஒன்று எழுதினாள். தரை முழுக்க இப்போது எங்கள் சண்டைதான். ஸ்பிரிங் தட்டை இரண்டு பேரும் சேர்ந்து மேலே ஏற்றினோம். அகலம் குறைந்த டயர் மாட்டினாள். உள்ளேயும் போகாத வெளியேயும் வராத ரிம்களைக் கடையிலிருந்து எடுத்துவந்தாள். புதிய ரிம்மின் நடுத்துளை அச்சைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு வளையம் போடாமல் முடுக்கினால் சக்கரம் மையத்தில் உட்காராது, ஓடும்போது நடுங்கும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பையிலிருந்து வளையங்களை எடுத்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் முதலில் என்னிடம் பேசிய வார்த்தை, "காலை எடுங்க." ஜாக்கியை இறக்கும்போது என் கால் அடியில் இருந்தது. உங்கள் அத்தைக்கு எழுதினேன், பேசிவிட்டாள் என்று.

அந்த மரக்கட்டைச் சோதனையை மறுபடி செய்தோம். தையல்காரர் தம்பதி மீண்டும் வந்தார்கள், இந்த முறை சலவை செய்த உடையில். உங்கள் வாய்க் கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கேயும் தொடவில்லை. அடுத்த வாரம் ஆய்வுக்குப் போகிறோம். சின்னவன் இருக்கிறான், பயப்பட ஒன்றுமில்லை. அதைச் சொன்னபோது மட்டும் அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா


பிப்ரவரி 9

மாமா,

முகாமில் கடிதம் வந்ததும் எல்லாருக்கும் கேட்க வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் என் வீட்டில், என் ஷெட்டில். நம்பவே முடியவில்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் காரணம் தெரியாது. அந்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டபோது, நாற்காலி சரியில்லை, முதுகு வலிக்கிறது என்றாள். நான் ஒரு நல்ல நாற்காலி செய்யக் கொடுக்கலாமா என்று யோசித்தவன். அப்புறம்தான் முதுகு காரணம் இல்லை என்று உறைத்தது. அதற்குமேல் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் பெயரை எடுத்தால் அவள் முகத்தில் வருவது கோபம் இல்லை. பார்க்கக்கூடாத ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

கூடப் போங்கள். ஆனால் அவளையே பேச விடுங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 14

மாப்பிள்ளை,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். ஏறுவது என்று சொல்லக்கூடாது, அந்த வண்டிக்குள் இறங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் தட்டவில்லை. என்னை அறியாமல் ஒரு பெருமை வந்ததை மறைக்கப்போவதில்லை.

ஆபீசில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். சின்னவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். டீ வந்தது. வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் தகுதிச் சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். "பெரியவரே கூட வந்திருக்கும்போது நான் தனியா என்ன பார்க்கிறது" என்று சிரித்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது.

அவள் அந்தத் தாளை வாங்கவில்லை. பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றாள். இவள் இன்னும் மாறவேயில்லை சார் என்று அவன் என்னிடம் சொன்னான். அப்போது அவள் சொன்னாள்:

"ஸ்கூல் பஸ்ஸுக்குப் போட்ட மாதிரி எனக்குப் போடாதீங்க."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த பஸ் என்று கேட்டேன். அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக.

"நீங்க போடச் சொன்ன பஸ்தான்ப்பா."

மாப்பிள்ளை, நான் எந்த பஸ்ஸுக்கும் எதுவும் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். வண்டியைப் பள்ளத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்து, உள்ளேயே உட்கார், சொல்லும்போது ஸ்டியரிங்கைத் திருப்பு என்று அவளிடம் சொன்னேன். சின்னவனைக் கூட்டிக்கொண்டு ஆய்வுப் பள்ளத்துக்குள் இறங்கினேன். அங்கே இறங்கி நின்றால் தலைக்கு மேல் வண்டியின் அடிப்பாகம் மட்டும்தான். மேலே நிற்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம்.

இடது பக்கம் ஒடி என்றேன். சக்கரம் திரும்பியது. டயருக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவில் என் விரலை விட்டு அவனுக்குக் காட்டினேன். இப்படித்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அந்த பஸ்ஸை இப்படிப் பார்த்தாயா என்று கேட்டேன்.

அவன் என் விரல் நுழைந்த இடத்தையே பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். பள்ளி திறக்கும் நேரம், வரிசையாக பஸ்கள், மேலிடத்திலிருந்து அவசரம். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரம் நூல் தெரியத் தேய்ந்திருந்ததை என் மகள் கண்டுபிடித்து, தகுதியில்லை என்று எழுதியிருக்கிறாள். வெளிச்சக்கரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று இவன் அதை மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவள் விடாமல் வாதாடியிருக்கிறாள்.

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொன்னியா?"

"உங்ககிட்ட கேட்டேன், நீங்களே போடச் சொன்னீங்கன்னு சொன்னேன் சார். உங்க பேரைச் சொன்னாத்தான் அவ அடங்குவான்னு தோணுச்சு."

அந்த பஸ் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பாலத்துக்கு முன்னால் டயர் வெடித்துத் தடுப்புச் சுவரில் மோதியது. குழந்தைகளைக் கூட்டிவரும் ஆயாவுக்கு இடுப்பு நொறுங்கியது. டயர் நல்ல நிலையில் இருந்தது, ஓட்டுநரின் அதிவேகமே காரணம் என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை எழுதியதும் இவன்தான். செய்தியைப் படித்துவிட்டு, இப்படி ஓட்டினால் வெடிக்காமல் என்ன செய்யும் என்று அத்தையிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். அதே நேரம் இங்கே என் மகள், குழந்தைகள் போகிற பஸ்ஸை அப்பா கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொன்னார் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பள்ளத்தின் சுவரில் கையை ஊன்றி நின்றேன். வண்டிதான் தாழ்வாயிற்றே, நாங்கள் பேசியது அவள் காலடியில் பேசின மாதிரிதான். நேராக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் முகத்துக்கு முன்னால் அந்தச் சக்கரம் மெல்ல, மெல்லத் திரும்பி நேராக நின்றது.

மேலே வந்தேன். அவள் கதவைத் திறந்து, இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கை கொடுத்தேன். எழுந்தவள் கையை விடவில்லை. "கேட்டிருக்கலாம்ப்பா" என்றாள். தன்னைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியாது.

அந்தக் கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் விட்டுவிட்டோம். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆய்வாளர் அம்மா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து ஆய்வு செய்யுங்கள் என்று அவரிடம் கேட்டேன். பயந்து பயந்துதான் செய்தார், ஆனால் முழுதாகச் செய்தார். பின்பக்க வலது டயர் மட்கார்டுக்கு வெளியே நகக்கண் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. தகுதியில்லை என்று எழுதினார். "சரிங்க மேடம்" என்று உங்கள் மனைவி அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். தள்ளுபடி ஆன வண்டிக்காரர் எவரும் அப்படி ஒரு நிம்மதியோடு தாளை வாங்கி நான் பார்த்ததில்லை.

கையெழுத்து கோணலாகிறது. நிறுத்துகிறேன்.

மாமா


பிப்ரவரி 20

மாமா,

இரண்டு முறை படித்தேன். வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்து பல் காட்ட வந்தவர், டாக்டர் உங்களுக்கு ஏதாவது வலியா என்று கேட்டார்.

இரண்டு வருடம். ஒரே வீட்டில், ஒரே மேஜையில். முதுகு வலி என்று சொன்னதை நம்பி நாற்காலி செய்யப் பார்த்தேனே. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொன்னால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நான் உங்களைத் தப்பாக நினைக்கக்கூடாது என்று தனக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அவளால் மட்டும் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டு வாழ முடிந்திருக்கிறது.

சின்னவரை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அன்று ஸ்டேஷனில் என் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர். இதே கையா என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஓட்டுநர் எங்கே இருக்கிறார்?

மாப்பிள்ளை


ஏப்ரல் 11

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் முகாம் முடிந்து வந்து, மறுபடி அடுத்த முகாமுக்கும் கிளம்பிப் போய்விட்டீர்கள். அந்த வாரத்தில் பேசாமல் விட்டதை எழுதுகிறேன். நீங்கள் திரும்பி வந்தபின் போனிலும் சொல்லலாம், இப்போது அவள் எடுத்தாலும் எனக்குப் பயமில்லை. ஆனால் இது எழுத வேண்டிய விஷயம்.

தலைமை அலுவலகத்தில் நானும் பாப்பாவும், உங்கள் நட்டுதான், வாக்குமூலம் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் போனபோது சின்னவன் எங்களுக்கு முன்பே வந்து, தானாகவே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் நிற்காமல் கடந்து போனேன். அது சரியா என்று இன்னும் தெரியவில்லை. அவனை வேலையிலிருந்து நீக்கிவைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. பழைய அறிக்கை ரத்தாகிவிட்டது. ஆயா ஊன்றுகோலோடு நடக்கிறார். அதை எந்தத் தாளாலும் ரத்து செய்ய முடியாது.

நீங்கள் கேட்ட ஓட்டுநர், ஒரு குடோனில் வாசல் காவலுக்கு இருக்கிறார். அதிவேகத்துக்காக உரிமம் பறிபோனதிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நேற்று அவருடைய உரிமம் திரும்பக் கிடைத்தது. பாப்பாவின் வண்டியும் போன வாரம் ஆய்வில் தேறிவிட்டதால் அதிலேயே அவரைப் பார்க்கப் போனோம்.

அவர் அதிகம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போன எனக்கு அதற்கு இடமே கொடுக்கவில்லை. டயர் வெடித்ததென்று அன்றைக்கே சொன்னேன் சார், யாரும் கேட்கவில்லை என்றார், அவ்வளவுதான். அதைக்கூட ஏதோ பழைய செய்தி சொல்வது மாதிரிதான் சொன்னார். பிறகு அவர் பார்வை வண்டி மேல் போனது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தார். பாப்பா சாவியை நீட்டினாள்.

வேண்டாம்மா என்றார். கை மட்டும் சாவியை வாங்கிக்கொண்டது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினோம். சைக்கிளில் போன ஒரு பெரியவர் மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனார். திரும்பி வரும் வழியில் ஒரு வேகத்தடை இருந்தது. அதன் முன்னால் வண்டியை முழுதாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, குழந்தையைத் தூக்கிப் படியில் வைக்கிற மாதிரி அவ்வளவு மெல்ல ஏற்றி இறக்கினார்.

மாமா